ப்ளெக்ஸ்பிளேட் (எஞ்சினையும் ஆட்டோ கியரையும் இணைக்கிற தகடு) வெடிச்சிருக்கு, வீட்டு வாசல்ல வச்சு நானே மாத்தலாமோ? (2004 சில்வராடோ 5.3, ஆட்டோ கியர்)

ஸ்காபரோ_தம்பி

அண்ணைமார் எல்லாருக்கும் வணக்கம், ஒரு உதவி வேணும். என்னட்ட 2004 சில்வராடோ 1500 ட்ரக் நிக்குது, 5.3 எஞ்சின், 4எல்60இ ஆட்டோ கியர்பொக்ஸ், டூ வீல் ட்ரைவ்தான், 3 லட்சத்து 10 ஆயிரம் கிலோமீட்டர் ஓடிட்டுது. ரெண்டு கிழமையா ஐடில்ல நிக்கேக்க கீழ இருந்து டக் டக் டக் எண்டு சத்தம், வெறும் பால்மா ரின்னில கரண்டியால தட்டுறமாதிரி. பார்க்கில நல்லா கேக்குது, பிரேக்கை அமத்திக்கொண்டு ட்ரைவ்ல போட்டா சத்தம் மாறுது, சில நேரம் இல்லாமலே போகுது. றோட்டில அமத்தி ஓடேக்க ஒண்டும் கேக்காது. ஒயில் பிரஷர் வழமைபோல 40லதான் நிக்குது.

ஒரு கராஜில காட்டினன். பொனட்டைத் திறந்து ரெண்டு நிமிசம் கேட்டுப்போட்டு "ரொட் பெயரிங் போட்டுது, எஞ்சின் மாத்தோணும்" எண்டு சொல்லிச்சினம், எஞ்சினுக்குள்ள பிஸ்டன் தண்டு சுத்துற பெயரிங் தேஞ்சுபோச்சாம். சொன்ன காசுக்கு இன்னொரு ட்ரக்கே வாங்கலாம். மனம் கேக்கேல்லை. வீட்ட வந்து பற்றரி வயரைக் கழட்டி, ஸ்ராட்டரையும் கழட்டிப்போட்டு, அந்த ஓட்டைக்குள்ளால போன்ல பூட்டுற சின்ன கமராவை விட்டன். மச்சான் முன்னால 24 சொக்கெட் போட்டு எஞ்சினை மெல்ல மெல்ல சுத்த, நான் கீழ படுத்திருந்து பாத்தா, தகட்டின்ர நடுவில, கிராங்கில (எஞ்சினின்ர சுத்துற தண்டு) பூட்டுற போல்ட் ஓட்டைகளைச் சுத்தி செம்பாட்டு மண் கலரில ஒரு கோடு. ஒரு ஓட்டையில தொடங்கி அடுத்ததுக்குப் போய் அங்கால மூண்டாவதுக்கும் போகுது. கறள் தூள் மாதிரி வெளியில தள்ளியும் இருக்கு. இது ப்ளெக்ஸ்பிளேட் வெடிச்சதுதானே?

இனி என்ர கேள்வி என்னெண்டா, இதை வீட்டு வாசல்ல ஸ்ராண்ட் போட்டு செய்யலாமோ? புதுத் தகடு எந்தப் பக்கம் பாக்கப் பூட்டுறது? போல்ட்டை எவ்வளவு டோர்க்கில (இறுக்கிற பலம்) இறுக்கிறது? பிரேக், வோட்டர் பம்ப், ஸ்ராட்டர் எல்லாம் நானே மாத்தினனான், கியர்பொக்ஸ் மட்டும் ஒருநாளும் இறக்கினதில்லை. 8 மாசத்துக்கு முதல் ஒரு இடத்தில இந்த கியர்பொக்ஸை இறக்கி ரீபில்ட் செய்து பூட்டினவை, அதுக்கும் இதுக்கும் தொடர்பிருக்குமோ தெரியேல்லை.

பழைய_ஸ்பானர்

தம்பி, நீங்கள் கடைசியா எழுதின வரிதான் முதல் வரியா வந்திருக்கோணும். 8 மாசத்துக்கு முதல் கியர்பொக்ஸ் இறக்கி ஏத்தின வண்டியில இப்ப தகடு வெடிச்சிருக்கெண்டா, நான் தகட்டைப் பாக்க முதல் டவல் பின்னைத்தான் பாப்பன். எஞ்சின் புளொக்கின்ர பின்முகத்தில, கியர்பொக்ஸ் வந்து ஒட்டுற இடத்தில, இடப்பக்கம் ஒண்டு வலப்பக்கம் ஒண்டு எண்டு ரெண்டு பின் நீட்டிக்கொண்டு நிக்கோணும். கிராங்கையும் கியர்பொக்ஸ் ஷாப்டையும் ஒரே நேர்கோட்டில வச்சிருக்கிறது அந்த ரெண்டு பின்னும்தான், சுத்தியிருக்கிற போல்ட் இல்லை. போல்ட்டின்ர வேலை இறுக்கிப் பிடிக்கிறது, அதின்ர ஓட்டை கொஞ்சம் லூசாத்தான் இருக்கும். ஒரு பின் இல்லாட்டி கியர்பொக்ஸ் ஒரு மயிரளவு தள்ளி உக்காரும், ஒவ்வொரு சுத்துக்கும் தகடு இங்கால ஒருக்கா அங்கால ஒருக்கா வளையும், நிமிசத்துக்கு 2000 சுத்தெண்டா 2000 தரம். கம்பியைக் கையால மடக்கி மடக்கி முறிக்கிறமாதிரித்தான் இது. பின்னைப் பாக்காம புதுத்தகட்டை மட்டும் பூட்டினா அடுத்த வருசம் திருப்பியும் இங்க வந்து இதே கேள்வியைக் கேப்பீங்கள்.

வீட்டு வாசல்ல செய்யலாமோ எண்டா, கொங்கிரீட் தளமெண்டா செய்யலாம், தார் எண்டா ஸ்ராண்ட் அடியில தடிச்ச பலகை வையுங்கோ, சரிவெண்டா செய்யவே வேண்டாம். ற்ரான்ஸ்மிஷன் ஜக் ஒண்டு வாடகைக்கு எடுங்கோ. கியர்பொக்ஸ் மட்டும் 70 கிலோவுக்குக் கிட்ட, அதுக்கு மேல கன்வேட்டர் (எஞ்சினின்ர சுத்தை ஒயிலால கியர்பொக்ஸுக்குக் கடத்துற உருண்டை), அதுக்குள்ள ஒயில். நெஞ்சில வச்சு இறக்கின ஆக்களை எனக்குத் தெரியும், இப்ப முதுகைப் பிடிச்சுக்கொண்டு திரியினம்.

இறக்கிற முறையை முழுக்க எழுதேல்லை, நீங்கள் சறுக்கக்கூடிய இடங்களை மட்டும் சொல்றன். முதல் நாள் இரவே எக்ஸோஸ்ட் போல்ட்டுகளுக்கு கறள் ஒயில் அடிச்சு விடுங்கோ. இஞ்சத்தை உப்பில 20 வருசம் கிடந்த ட்ரக், மனிபோல்ட் ஸ்ரட் (எக்ஸோஸ்ட்டைப் பிடிக்கிற தலையில்லாத போல்ட்) முறியாம கழண்டா அண்டைக்கு லொத்தர் எடுங்கோ. ட்ரைவ் ஷாப்டைக் கழட்ட முதல் அதிலயும் டிப்ரன்ஷியலிலயும் பெயின்ற் கோடு ஒண்டு, திருப்பி அதே இடத்தில பூட்டுறதுக்கு. ஷாப்டை இழுத்தவுடன பின்னால ஒயில் வடியும், பிளாஸ்ரிக் பை போட்டு ரப்பர் பாண்டால கட்டிவிடுங்கோ. கன்வேட்டர் போல்ட் 3, ஸ்ராட்டர் ஓட்டைக்குள்ளால ஒவ்வொண்டா வரும், மூண்டும் கழண்டதோ எண்டு திருப்பி எண்ணிப் பாருங்கோ. கியர்பொக்ஸின்ர மேல் போல்ட் ரெண்டும் கைக்கு எட்டாது, பின்பக்கத் தாங்கியைக் கழட்டி வாலைக் கொஞ்சம் பதிச்சா நீள எக்ஸ்ரென்ஷன் போட்டு பின்னாலயிருந்தே எடுக்கலாம். பதிக்கேக்க எஞ்சினுக்கு அடியில பலகைத்துண்டோட இன்னொரு ஜக் நிக்கோணும். கியர்பொக்ஸ் விலகி வரேக்க கன்வேட்டரும் அதோடயே வரோணும், முன்னால சறுக்கி விழாம ஒரு கம்பியோ பெல்ட்டோ போட்டுக் கட்டுங்கோ.

இனி தகடு. வாங்கேக்க 5.3க்கு 4எல்60இ எண்டு சொல்லி வாங்குங்கோ, 4எல்80இ பூட்டின பெரிய ட்ரக்கின்ர தகடு வேற வடிவம். பழசைக் கழட்ட முதல் போன்ல ஒரு படம் எடுங்கோ. கழட்டின பிறகு நிலத்தில பழசைப் போட்டு அதுக்கு மேல புதுசை வச்சுப் பாருங்கோ, கிராங்க் ஓட்டை 6, கன்வேட்டர் ஓட்டை 3, வளைவு, பல்லு எண்ணிக்கை எல்லாம் ஒண்டிலயொண்டு பொருந்தோணும், பல்லு 168. பக்கம் தெரியாட்டி பழைய தகட்டில கன்வேட்டர் உக்காந்திருந்த இடம் மூண்டும் காசுக்குத்தி மாதிரி மினுங்கும், அந்தப் பக்கம் கியர்பொக்ஸைப் பாக்கோணும். சில தகட்டில எஞ்சின் பக்கம் எண்டு அடிச்சும் இருக்கும்.

போல்ட் 6ம் புதுசு வாங்குங்கோ, புரியில பசை பூசித்தான் வரும். கிராங்க் ஓட்டைக்குள்ள பழைய பசை காய்ஞ்சு கிடக்கும், பிரேக் கிளீனரும் சின்ன பிரஷும் போட்டு வடிவாத் துடையுங்கோ, அழுக்கோட இறுக்கினா டோர்க் றெஞ்ச் பொய் சொல்லும். ஆறையும் முதல் கையால ஓடவிட்டு, பிறகு ஒண்டுக்கு நேர் எதிர் மற்றதெண்டு மாறி மாறி, முதல் சுத்து 15 ஃபுட் பவுண்ட், ரெண்டாம் சுத்து 37, கடைசி 74. நியூட்டன் மீட்டர்ல 20, 50, 100. ஒரே இழுவையில 74க்குப் போகவேண்டாம், தகடு கோணி உக்காரும். தகடு சுத்தாமப் பிடிக்கிறதுக்கு முன்பக்க கிராங்க் போல்ட்டில ஆளை வைக்காதேங்கோ, புளொக்கில ஒரு கியர்பொக்ஸ் போல்ட்டை ஓடவிட்டு அதில ஒரு இரும்புச் சட்டத்தை முட்டுக்குடுத்து பல்லைப் பிடியுங்கோ.

அவ்வளவு தூரம் இறக்கினா பின் மெயின் சீலையும் (கிராங்கின்ர பின்நுனியில ஒயில் கசியாமத் தடுக்கிற வளையம்) மாத்திப்போடுங்கோ. சீல் விலை பெரிசில்லை, அதுக்காக திருப்பி இறக்கிறதுதான் பெரிசு.

கோவை_டு_ஹூஸ்டன்

ஸ்பானர் அண்ணா சொன்னது எல்லாமே கரெக்டுங்க, ஆனா ஏத்தறதப் பத்தி அவரு இன்னும் சொல்லல, அங்கதான் நான் மாட்டுனேன், அதனால சொல்றேன். என்கிட்ட 98 ஜீப் செரோக்கி, 4.0, ஏடபிள்யூ4 கியர்பாக்ஸ். இதே ப்ளெக்ஸ்பிளேட் வேலைதான். தகடு மாத்தறதுக்கு முக்கா மணி நேரம்கூட ஆகலைங்க, சுத்தமா போட்டேன், டார்க் எல்லாம் பாத்துப் பாத்து வச்சேன். அப்புறம் கியர்பாக்ஸ ஜாக்கில ஏத்தி முன்னாடி தள்ளுனா ஒரு அரை இன்ச் கேப்ல நின்னுக்கிச்சு. ராத்திரி 11 மணி, மறுநாள் ஆபீஸ் போகணும், மூளை வேலை செய்யல. சரி போல்ட்ட மாட்டி இறுக்குனா தானா உள்ள வந்துரும்னு நாலு போல்ட்ட சுத்திச் சுத்தி இழுத்தேன். வந்துச்சு. டப்புனு ஒரு சத்தமும் வந்துச்சு. அந்த சத்தம் இன்னைக்கும் காதுல இருக்குங்க.

என்ன ஆச்சுன்னா, கன்வெர்ட்டர் முழுசா உள்ள போய் உக்காரல. அது கியர்பாக்ஸ் உள்ள ஒண்ணுக்குள்ள ஒண்ணா ரெண்டு மூணு ஷாப்ட்ல மாட்டணும், கடைசியா ஆயில் பம்ப்போட பல்லுல மாட்டணும். பம்ப்புல மாட்டாம நான் இறுக்குனதுல பம்ப் கியர் ஒடஞ்சு போச்சு. ஸ்டார்ட் பண்ணுனா வண்டி எந்த கியர்லயும் நகரல. 100 டாலர் தகடு மாத்தப் போயி கியர்பாக்ஸே பிரிக்க வேண்டியதாப் போச்சு, வீட்ல இன்னும் சொல்லிக் காட்டறாங்க.

அதனால தம்பி, கன்வெர்ட்டர வெளியிலயே வச்சு கியர்பாக்ஸ்ல மாட்டுங்க. உள்ள ஒரு குவார்ட் ஆயில் ஊத்திட்டு, மூக்குல லேசா ஆயில் தடவி, ரெண்டு கையால புடிச்சு சுத்திக்கிட்டே உள்ள அமுக்குங்க. டொக்குனு ஒரு தடவை எறங்கும், நெறைய பேரு அதோட முடிஞ்சுதுன்னு நெனச்சுக்குவாங்க. இன்னும் சுத்துங்க, மறுபடி டொக், சில சமயம் மூணாவதும் இருக்கும். அப்புறம் கியர்பாக்ஸ் எஞ்சின்ல ஒட்டறப்ப கையால தள்ளியே முகத்தோட முகம் ஒட்டணும். ஒட்டலைன்னா போல்ட்டத் தொடாதீங்க, இறக்கிட்டு மறுபடி பாருங்க. எல்லா போல்ட்டும் இறுக்குனதுக்கு அப்புறமும் கன்வெர்ட்டர் லூசா கையால சுத்தணும், அதுக்கும் தகட்டுக்கும் நடுவுல 3 மில்லிமீட்டர்ல இருந்து 5 மில்லிமீட்டர் வரைக்கும் இடைவெளி இருக்கணும். அந்த இடைவெளி இருந்தா நிம்மதியா கன்வெர்ட்டர முன்னாடி இழுத்து மூணு போல்ட்டையும் மாட்டலாம். மூணையும் கையால ஓட்டிட்டு அப்புறமா இறுக்குங்க, ஒண்ண இறுக்கிட்டா மத்த ரெண்டும் ஓட்டைக்கு வராது.

மயிலாப்பூர்_மணி

நடுவுல பூந்து ஒரு கேள்வி, கோச்சுக்காதீங்க. ஃப்ளைவீலும் இதுவும் ஒண்ணுதானே? எங்க ஏரியா மெக்கானிக் ஆட்டோமேட்டிக் வண்டிக்கும் ஃப்ளைவீல்னுதான் சொல்றார். அப்புறம் இவ்ளோ பெரிய எஞ்சின் இழுவைய இந்த மெல்லிசு தகடு எப்படி தாங்குது, ஏன் கனமா போட மாட்டேங்கறான்?

பழைய_ஸ்பானர்

இடம் ஒண்டு, ஆள் வேற. மனுவல் கியர் வண்டியில ஃப்ளைவீல் எண்டது பாரமான வார்ப்பிரும்பு வட்டு, கிளச் அதில உரஞ்சித்தான் பிடிக்கும், எஞ்சின் துடிக்காம ஓடுறதுக்கு அந்தப் பாரமும் வேணும். ஆட்டோவில கிளச் அங்க இல்லை, பாரத்தை ஒயில் நிரம்பின கன்வேட்டரே குடுக்குது. தகட்டுக்கு மிச்சமிருக்கிற வேலை ரெண்டு, கிராங்கின்ர சுத்தைக் கன்வேட்டருக்குக் கடத்துறது, விளிம்பில இருக்கிற பல்லால ஸ்ராட்டருக்கு இடம் குடுக்கிறது. மெல்லிசா இருக்கிறது வேணுமெண்டுதான். கன்வேட்டர் சூடாகி உள்ள பிரஷர் ஏறேக்க கொஞ்சம் ஊதும், முன்னுக்குப் பின்னுக்கு அசையும், தகடு அந்தளவுக்கு வளைஞ்சு குடுக்கோணும், இல்லாட்டி அந்தத் தள்ளு நேர கிராங்கை முன்பின் நகராமப் பிடிக்கிற த்ரஸ்ட் பெயரிங்குக்குப் போகும். சுத்துற திசையில நல்ல பலம், குறுக்க வளையும், உங்கட இரும்பு ஸ்கேலைப் பக்கவாட்டில பிடிச்சு மடக்கிப் பாருங்கோ விளங்கும்.

சத்தத்தில ஆக்கள் ஏமாறுறதும் இதாலதான். வெடிச்ச தகடு ஐடில்ல எஞ்சினின்ர ஒவ்வொரு துடிப்புக்கும் விளிம்போட விளிம்பு அடிபடும், அது அச்சொட்டா ரொட் பெயரிங் மாதிரியே கேக்கும். கியரில போட்டு சுமை வந்தவுடன வெடிப்பு ஒரு பக்கமா இழுபட்டு நிக்கும், சத்தம் அடங்கும். ரொட் பெயரிங் எண்டா சுமை குடுக்கக் குடுக்கத்தான் கூடும். தம்பி எழுதினதில ட்ரைவ்ல சத்தம் மாறுது எண்ட இடத்திலயே எனக்கு விளங்கிட்டுது. கன்வேட்டர் போல்ட் மூண்டையும் கழட்டி அதைப் பின்னால தள்ளிப்போட்டு ஒரு நிமிசம் ஸ்ரார்ட் பண்ணிப் பாக்கிற வழியும் இருக்கு, ஆனா வெடிப்பு நடுவில எண்டா அப்பவும் கொஞ்சம் சத்தம் கேக்கலாம், அதை மட்டும் நம்பி எஞ்சினுக்குத் தீர்ப்பு எழுதக்கூடாது.

தம்பி, ஒண்டு சொல்ல மறந்துட்டன், இந்தத் தகட்டோட இனி ஓடித்திரியாதேங்கோ. நடுப்பகுதி முழுக்க வெட்டுப்பட்டா எஞ்சின் ஓடும் வண்டி நகராது, அதுவும் 401 ஹைவேயில நடு லேனில.

கோவை_டு_ஹூஸ்டன்

மணி சார் உங்க கேள்விக்கு ஒரு சின்ன சேர்க்கை. என் ஜீப்புல கிராங்க் சென்சார் அந்தத் தகட்டுல இருக்கற வெட்டப் பாத்துதான் ஸ்பார்க் எப்போன்னு கம்ப்யூட்டருக்கு சொல்லுது. அதுல வேற தகட்டப் போட்டா வண்டி ஸ்டார்ட்டே ஆகாது. தம்பியோட 5.3ல சென்சார் கிராங்க்லயே இருக்கற வளையத்தப் பாக்குது, அவருக்கு இந்தத் தலைவலி இல்லைங்க.

ஸ்காபரோ_தம்பி

முடிச்சிட்டன் அண்ணைமார்! சனி, ஞாயிறு ரெண்டு நாள், நானும் மச்சானும். ஸ்பானர் அண்ணை, உங்களுக்கு சீனி போடணும் வாயில. இடப்பக்கம் டவல் பின் இருக்கு, வலப்பக்கம் வெறும் ஓட்டை. உள்ளுக்கு விழுந்து கிடக்குதோ எண்டு விரலை விட்டுத் தடவிப் பாத்தன், ஒண்டுமில்லை, ஓட்டைக்குள்ள கறள்தான். அதுவும் காணாதெண்டு கன்வேட்டர் போல்ட் ஒண்டு கையாலயே கழண்டிட்டுது. ரீபில்ட் செய்த ஆக்களுக்குப் படம் அனுப்பினன், பாத்ததுக்கு அடையாளம் வந்திருக்கு, பதில் வரேல்லை.

தகடு கையில எடுக்கேக்க நடுத்துண்டு தனிய ஆடுது. ஆறு ஓட்டையில நாலைச் சுத்தி வெடிச்சுப் போட்டுது, மிச்சம் ரெண்டுதான் பிடிச்சுக்கொண்டிருந்தது. நான் இதோட ரெண்டு கிழமை வேலைக்குப் போய் வந்திருக்கிறன் எண்டு நினைக்க வயித்தைப் பிசைஞ்சுது.

நேரம் போனது எக்ஸோஸ்ட்டிலதான். ரெண்டு ஸ்ரட் முறிஞ்சுது, லொத்தர் எடுக்கேல்லை. மேல் போல்ட்டுக்கு மூண்டு எக்ஸ்ரென்ஷனை ஒண்டோடயொண்டு கொழுவி கிட்டத்தட்ட 3 அடி நீளம், மச்சான் அங்கால நிண்டு சுத்த நான் நுனியைப் பிடிச்சுக் காட்டினன். புது டவல் பின் டீலரிட்ட கிடைச்சுது, மெல்லத் தட்டிப் பூட்டினன். பின் மெயின் சீல், தகடு, புது போல்ட், 15, 37, 74. கன்வேட்டர் முதல் டொக் விழுந்தவுடன மச்சான் "சரி வா ஏத்துவம்" எண்டார், கோவை அண்ணா எழுதினதை வாசிச்சிருக்காட்டி நானும் ஏத்தியிருப்பன். பிறகு கால்மணித்தியாலம் சுத்திச் சுத்தி அமத்தி ரெண்டாவது டொக், அதுக்குப் பிறகு ஒண்டு, நல்லா ஒரு பெருவிரல் அளவு உள்ளுக்குப் போட்டுது. ஏத்தினாப் பிறகு இடைவெளி அளக்க ஒண்டும் இல்லாம ட்ரில் பிட்டை விட்டுப் பாத்தன், 4 எம்எம் லேசாப் போச்சு, 5 போகேல்லை. கன்வேட்டர் போல்ட் மூண்டும் 46 ஃபுட் பவுண்ட், கியர்பொக்ஸ் போல்ட் 37.

முதல் ஸ்ரார்ட்ல ரெண்டு பேரும் மூச்சே விடேல்லை. சத்தம் இல்லை. ஒண்டுமே இல்லை. பக்கத்து வீட்டு அங்கிள் வந்து "ஓடுதோ இல்லையோ" எண்டு கேட்டார், அந்தளவுக்கு அமைதி.

இப்ப ஒரு சின்னப் பிரச்சினை, வலப்பக்கம் கூலர் லைன் (கியர் ஒயிலைக் குளிராக்கக் கொண்டுபோற குழாய்) பூட்டுற இடத்தில ஒரு துளி நிக்குது. துடைச்சா திருப்பி ஒரு மணித்தியாலத்தில வருது.

பழைய_ஸ்பானர்

நல்ல வேலை தம்பி. அந்த லைனைப் பிடிக்கிற சின்னக் கம்பி கிளிப் வளைஞ்சிருக்கும், பழசைத் திருப்பிப் போட்டிருப்பீங்கள். சில்லறைக் காசு, புதுசு வாங்கி லைனை டக் எண்டு கேக்கத் தள்ளுங்கோ, பிறகு ஒருக்கா இழுத்துப் பாருங்கோ வரக்கூடாது. அது முடிஞ்சாப்போல நல்லா ஓடி சூடாக்கி, பார்க்கில எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கேக்க ஒயில் குச்சியைப் பாருங்கோ, கன்வேட்டர் குடிச்சிருக்கும், குறையும். டெக்ஸ்ரோன் 6 ஊத்தலாம்.

ஸ்காபரோ_தம்பி

கிளிப்தான் அண்ணை. மாத்திட்டன், துளி நிண்டுட்டுது. ஒயில் முக்கால் குவார்ட் குடிச்சுது.

மயிலாப்பூர்_மணி

அந்த ரெண்டு ஸ்டட் முறிஞ்சுதே, அத எப்படி எடுத்தீங்க? எனக்கு அடுத்த வாரம் அதே வேலை இருக்கு.

ஸ்காபரோ_தம்பி

ஒண்டு கொஞ்சம் வெளியில நீட்டிக்கொண்டு நிண்டுது, நட்டை வச்சு வெல்ட் அடிச்சு, சூடு ஆறுறதுக்குள்ள சுத்த வந்துட்டுது. மற்றது உள்ளுக்கே முறிஞ்சுது, ட்ரில் பண்ணி எடுத்த கதையைத் தனியா எழுதுறன், இதுக்குள்ள எழுதினா முடியாது.